தலையில் அடைப்பு, காலில் கரண்டு

"மூளையிலதான அடைப்புன்னு சொன்னாங்க. பெறகு எதுக்கு சார் கால்ல கரண்டு வைக்கீங்க?"

பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபிக்கு வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் நோயாளி கேட்பதில்லை. கூட வந்த மகளோ மருமகளோ கேட்பார். நியாயமான கேள்வி. கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ ஸ்கேன் எடுத்து, 'இந்த இடத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது' என்று டாக்டர் படத்தைக் காட்டியிருப்பார். படத்தில் இருந்தது தலை. இங்கே மேஜை மேல் உள்ள பெட்டியிலிருந்து இறங்கும் இரண்டு ஒயர்களை ஒட்டுவதோ முழங்காலுக்குக் கீழே. கெட்ட இடத்தை விட்டுவிட்டு நல்ல இடத்தில் வைத்தியம் பார்ப்பதாகத்தானே தோன்றும்?

அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சந்தேகங்கள் வரிசை கட்டி நிற்கும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் தூக்கியடிக்கிற கரண்டு இங்கே எப்படி மருந்தாகிறது? அப்படியே மருந்தானாலும், பெட்டியை அணைத்ததும் கால் பழையபடி தொங்கத்தானே செய்யும்? மூன்றுக்கும் விடை தேட வேண்டுமானால், கெட்டது எது, கெடாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அறுந்தது மேலே

காலைத் தூக்க வேண்டும் என்று நினைத்தவுடன் உத்தரவு புறப்படும் இடம் மூளையின் உச்சிப்பகுதி. இடது மூளையில் புறப்பட்ட உத்தரவு கழுத்துக்குச் சற்று மேலே வலப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தின் வழியாக முதுகின் கீழ்ப்பகுதி வரை இறங்கும். அங்கே முதல் நரம்புச் செல் முடிந்து, இரண்டாவது செல் தொடங்குகிறது. இந்த இரண்டாவது செல்லின் இழை இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் ஓடிக் காலின் தசையைத் தொடும். ஆக, மூளையிலிருந்து பாதத்துக்கு உத்தரவைச் சுமப்பவை இரண்டே இரண்டு கட்டங்கள்.

பக்கவாதம் தாக்குவது முதல் கட்டத்தை மட்டும். எட்டயபுரம் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். துணை மின்நிலையத்திலிருந்து வரும் மெயின் லைன் எங்கோ அறுந்துவிட்டால் மோட்டார் ஓடாது. மோட்டாரில் பழுதில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து மோட்டாருக்கு வரும் ஒயரிலும் பழுதில்லை. ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து அந்தக் கடைசி ஒயரில் இணைத்தால் தண்ணீர் கொட்டும். மெயின் லைனைச் சரிசெய்ய எத்தனை நாளானாலும் அதுவரை பயிர் காயாது.

காலில் கரண்டு வைப்பதன் முதல் நியாயம் இதுதான். கால் 'விளங்காமல்' போயிருந்தாலும் காலில் இருக்கும் நரம்பும் தசையும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு வர வேண்டிய உத்தரவுதான் வரவில்லை.

மெயின் லைனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரத்தக்குழாய் பெரிதாக அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறிய ஒருவரை 108 ஆம்புலன்சில் ஏற்றாமல் புறா ரத்தம் தேய்க்க உட்கார வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் மறையவில்லை. அந்த நாலரை மணி நேரத்துக்கு ஈடாக, இந்த அத்தியாயத்தில் வரப்போகும் எந்தக் கருவியும் நிற்காது.

ஒரு சென்டிமீட்டர்

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் வெளி ஓரத்தில் விரலை வைத்தால் ஒரு தசை புடைத்து இறுகுவது தெரியும். முன்கணைக்கால் தசை என்று அதை அழைப்போம். நாம் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் இது தவறாமல் வேலை செய்கிறது. கால் காற்றில் முன்னே வீசிச் செல்லும் நேரத்தில் நுனிப்பாதம் தரையில் இடிக்காமல் தூக்கிப் பிடிப்பது இதன் பொறுப்பு.

எவ்வளவு உயரம் தூக்குகிறது என்று அளந்தவர்கள் கண்டது வியப்பானது. நல்ல கால் உள்ளவர் சமதரையில் நடக்கும்போது, வீசும் பாதத்தின் நுனிக்கும் தரைக்கும் உள்ள மிகக் குறைந்த இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். நம் விரல் அகலம் கூட இல்லாத அந்த இடைவெளியை நம்பித்தான் மனிதன் நிமிர்ந்து நடக்கிறான்.

பக்கவாதத்தில் இந்த இடைவெளி போய்விடுகிறது. முன்கணைக்கால் தசைக்கு உத்தரவு வரவில்லை. எதிர்ப்பக்கம் இருக்கும் கெண்டைக்கால் தசையோ மூளையின் கட்டுப்பாடு விட்டுப்போனதால் இறுகிக்கொண்டு பாதத்தைக் கீழேயும் உள்பக்கமாகவும் இழுக்கிறது. இந்த நிலையைத் தொங்குபாதம் என்று சொல்லலாம். நுனி இடிக்காமல் இருக்க, நோயாளி இடுப்பை உயர்த்திக் காலை அரைவட்டமாகச் சுழற்றி வைத்து நடப்பார். தெருவில் அந்த நடையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அப்படி நடக்கச் செலவாகும் தெம்பு மிக அதிகம். பத்து வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். ஒரு சென்டிமீட்டர் போனதற்கு உடம்பு கொடுக்கும் விலை அது.

ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் சமாளித்துவிடுபவர் ஊருக்கு வந்ததும் தடுமாறுவார். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நுனிக்கால் அந்த வெடிப்பில் மாட்டும். ஐப்பசி மழையில் அதே மண் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் பாதத்தின் கனம் கூடும். நல்ல காலுக்கே சிரமமான மண். தொங்குபாதம் உள்ளவர் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதற்கு இதுவே போதும்.

முழங்காலுக்குக் கீழே ஒரு முண்டு

இப்போது முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். அந்த முண்டுக்குக் கீழே, கழுத்தைச் சுற்றுவதுபோல எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு முன்பக்கம் வருகிறது. பெரோனியல் நரம்பு என்று பெயர். முன்கணைக்கால் தசைக்கு உத்தரவு கொண்டுபோவது இதன் கிளைதான். பெரும்பாலான நரம்புகள் தசைக்குள் ஆழமாகப் புதைந்திருக்க, இது இந்த இடத்தில் தோலுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. வெகுநேரம் சம்மணமிட்டு எழுந்தால் பாதம் மரத்துச் சற்று நேரம் தூக்க வராமல் போவதற்கு, இந்த இடம் அழுந்துவது ஒரு காரணம்.

தோலுக்கு அருகில் இருப்பதால்தான் கரண்டு வைக்க இது தோதான இடம். ஓர் ஒட்டுப்பட்டையை முண்டுக்குக் கீழேயும், இன்னொன்றை முன்கணைக்கால் தசையின் மேலும் ஒட்டினால், சிறிய மின்துடிப்பே பாதத்தைத் தூக்கிவிடும். பட்டை அரை அங்குலம் தள்ளிப்போனாலும் பாதம் தூக்குவதற்குப் பதில் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் சரியான இடம் கிடைத்ததும் பேனாவை எடுத்துத் தோலிலேயே வட்டம் போட்டுவிடுவார். மறுநாள் வீட்டில் மகள் ஒட்டுவதற்கு அந்த வட்டம்தான் வழிகாட்டி.

இதே முண்டுக்குத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் வேறொரு கதை உண்டு. தொழுநோயில் கிருமி இந்த நரம்பையே இங்கே தாக்கி அழிக்கும். அதனாலும் பாதம் தொங்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் தொழுநோயில் அறுந்தது கடைசி ஒயர். அங்கே எத்தனை கரண்டு வைத்தாலும் பாதம் நடைக்கு ஏற்றபடி எழும்பாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் போன்றவர்கள் அத்தகையவர்களுக்கு வேறு வழி கண்டார்கள். நன்றாக வேலை செய்யும் இன்னொரு தசையின் நாணை எடுத்து, பாதத்தின் மேற்பக்கம் மாற்றிப் பொருத்தும் அறுவை அது. போலியோவிலும் முதுகிலுள்ள இரண்டாவது செல்லே செத்துவிடுவதால் நரம்பைத் தூண்டும் இந்த முறை உதவாது. 'பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போலியோ கால், அவனுக்கும் கரண்டு வைக்கலாமா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது.

பால் பிராண்டிடம் கை அறுவை கற்றவர்களில் மேரி வர்கீஸ் ஒருவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் வந்தது. உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை என்பது இந்த மண்ணில் நிறுவனமாக வேரூன்றிய இடங்களில் அது முக்கியமானது.

பிராங்க்ளின் வீட்டுக்கு வந்தவர்கள்

செயலிழந்த காலுக்குக் கரண்டு வைக்கும் யோசனை, கரண்டு என்ற ஒன்றை மனிதன் சேமிக்கக் கற்ற நாளிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் பக்கவாத நோயாளிகள் தேடி வந்தார்கள். மின்சாரம் சேமித்த ஜாடியிலிருந்து செயலிழந்த கைகால்களுக்கு அவர் அதிர்ச்சி கொடுத்தார். 1757இல் இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். முதல் சில நாட்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நின்றுபோனது. நிலைத்த பலன் எதையும் தான் காணவில்லை என்று ஒளிக்காமல் பதிவுசெய்தார். அந்தத் தற்காலிக முன்னேற்றமும், நோயாளிகள் தினமும் தன் வீடு வரை வந்துபோன நடைப்பயிற்சியாலோ குணமாகிவிடும் என்ற நம்பிக்கையாலோ வந்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த ஒரு குறிப்புக்காகவே அவரைப் பெரிய விஞ்ஞானி என்பேன். விடையின் பாதி அதில் இருந்தது, அவருக்கே தெரியாமல்.

இத்தாலியில் கால்வானி, வெட்டியெடுத்த தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்து 1791இல் நூல் வெளியிட்டார். நரம்பில் ஓடும் உத்தரவே ஒருவகை மின்சாரம்தான் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. பிரான்சில் டூஷேன் 1850களில் உடம்பின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகத் தூண்டி, எந்தத் தசை எந்த அசைவைத் தருகிறது என்று பட்டியலிட்டார்.

இத்தனைக்கும் நோயாளி உட்கார்ந்தோ படுத்தோதான் இருந்தார். கால் துடித்தது, நடக்கவில்லை. நடை என்பது ஒரு தசையின் பலத்தால் மட்டும் நிகழ்வதல்ல. சரியான நொடியில் இறுகி, சரியான நொடியில் தளர வேண்டும். இதைக் கருவியாக்கிக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் விளாடிமிர் லிபர்சன். 1961இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் இருந்த அமைப்பு மிக எளியது. செருப்பின் குதிகாலில் ஒரு சுவிட்ச். இடுப்பில் ஒரு பெட்டி. பெரோனியல் நரம்பின் மேல் ஒட்டுப்பட்டை. குதிகால் தரையை விட்டு எழும்பியதும் கரண்டு பாயும். குதிகால் தரையைத் தொட்டதும் நிற்கும்.

இப்படி ஒரு காரியத்தின் நடுவே, அதன் நேரத்துக்கு ஏற்பச் செலுத்துவதைச் செயல்வழி மின்தூண்டல் என்போம். பிராங்க்ளின் கொடுத்த அதிர்ச்சிக்கும் இதற்கும் நடுவில் 200 ஆண்டுகள். இடையில் பாட்டரி வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது. ஆனால் லிபர்சனின் கருவியை நடக்க வைத்தது அந்தக் குதிகால் சுவிட்ச்தான்.

ஓர் எட்டு, 30 துடிப்பு

ஒரே ஓர் எட்டை மெதுவாகப் பார்ப்போம். எட்டயபுரத்துக்கு அருகே ஒரு கிராமம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. இடது மூளையில் அடைப்பு வந்து, வலது கால் தொங்குபாதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. வலது முழங்காலுக்குக் கீழே பட்டைகள் ஒட்டியாகிவிட்டன. குதிகாலின் கீழே சுவிட்ச்.

அவர் இடது காலை ஊன்றி எடையை அதன் மேல் மாற்றுகிறார். வலது குதிகால் எழும்புகிறது. சுவிட்சின் மேலிருந்த அழுத்தம் நீங்கியதும் பெட்டிக்குச் செய்தி போகிறது. கரண்டு உடனே முழு வேகத்தில் பாயாது. படிப்படியாகக் கூடும். இதற்குக் காரணம் கெண்டைக்கால். பாதத்தைச் சடாரென்று மேலே இழுத்தால், இறுகியிருக்கும் கெண்டைக்கால் தசை அதைவிட வேகமாகத் திருப்பி இழுக்கும். மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கும்.

இப்போது துடிப்புகள் வரத் தொடங்குகின்றன. வினாடிக்கு 40 என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொரு துடிப்பும் நீடிப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. துடிப்புக்கு ஒருமுறை தசை இறுகும். அது தளர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் நடுக்கமில்லாமல் ஒரே இழுப்பாகத் தெரியும். வினாடிக்கு 10 மட்டும் கொடுத்தால் பாதம் தனித்தனியாகத் துள்ளும்.

அவர் மெதுவாக நடப்பவர். வலது கால் காற்றில் இருக்கும் நேரம் முக்கால் வினாடி என்று கொண்டால், அந்த எட்டுக்கு 30 துடிப்புகள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளைக் கழித்துவிட்டால், கரண்டு உண்மையில் பாய்ந்த மொத்த நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வலது காலால் ஆயிரம் எட்டு வைத்தாலும் மொத்தம் 9 வினாடிதான். மற்ற நேரமெல்லாம் பெட்டி சும்மா காத்திருக்கிறது.

பாதம் எழும்பிவிட்டது. அந்த ஒரு சென்டிமீட்டர் திரும்பக் கிடைத்துவிட்டது. கால் முன்னே வந்து குதிகால் தரையைத் தொடுகிறது. இங்கே சட்டென்று கரண்டை நிறுத்தினால் பாதம் 'பட்' என்று தரையில் அறையும். ஆகவே இன்னும் சிறிது நேரம் கரண்டு மெல்லக் குறைந்தபடி நீடித்து, பாதத்தைப் பக்குவமாக இறக்கி வைக்கும். அடுத்து இடது காலின் முறை. பெட்டி மறுபடி காத்திருக்கும்.

இதில் ஒரு குறை இருக்கிறது. நாமாகத் தசையை இறுக்கும்போது மூளை முதலில் அழைப்பது, சீக்கிரம் களைக்காத மெல்லிய இழைகளை. வெளியிலிருந்து வரும் கரண்டு எளிதில் தூண்டுவதோ பருமனான நரம்பிழைகளை. அவை இயக்கும் தசையிழைகள் பலமாக இழுக்கும், விரைவில் களைத்தும் போகும். அதனால் முதல் நாளே சந்தை வரை நடந்துவிட முடியாது. வாசலில் தொடங்கி, களைப்பு தெரிந்ததும் நிறுத்தி, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும்.

ஷாக் ஏன் அடிப்பதில்லை

வீட்டுச் சுவிட்சில் இருப்பது 230 வோல்ட். கையில் நுழைந்து கால் வழியாகத் தரைக்குப் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது. விட்டு விலகும் வரை அது இடைவிடாமல் பாயும். இங்கே கருவி சிறிய பாட்டரியில் ஓடுகிறது. இரண்டு பட்டைகளும் ஒரே காலில் சில அங்குல இடைவெளியில் இருப்பதால் கரண்டு அந்தச் சில அங்குலத்துக்குள்ளேயே போய்த் திரும்பிவிடும். துடிப்பின் நீளம் மேலே பார்த்ததுதான். சுருக்கென்று இருக்கும், பழகிவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு அடங்காதவர்கள், காலில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சந்தேகம் உள்ளவர்கள், பட்டை ஒட்டும் இடத்தில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் பொத்துப்போனாலும் தெரியாது. கூட இருப்பவர்தான் பட்டையை எடுத்த பிறகு பார்க்க வேண்டும். ஊரில் ஒருவர் பழைய அடாப்டரை வைத்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். சுவர் பிளக்கில் சொருகும் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

அணைத்த பிறகு

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பெட்டியை அணைத்தால்?

லிபர்சனே ஒன்றைக் கவனித்திருந்தார். சில நோயாளிகள் கருவியைக் கொஞ்ச நாள் பயன்படுத்திய பிறகு, அது இல்லாதபோதும் பாதத்தைத் தாமாகவே தூக்கினார்கள். எல்லோருக்கும் இது நடப்பதில்லை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி மருத்துவமனைக் குழு 1997இல் வெளியிட்ட சோதனையில் 32 பக்கவாத நோயாளிகள் பங்கேற்றார்கள். கருவி போட்டபோது நடை வேகம் கூடியது, தெம்புச் செலவு குறைந்தது. கழற்றியபோது அந்த நன்மை நீடிக்கவில்லை. கனடாவில் ரிச்சர்ட் ஸ்டைன் குழுவோ 2010இல் வேறொன்றைக் காட்டியது. மாதக்கணக்கில் கருவியைப் பயன்படுத்தியவர்களின் தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் கால் பகுதியைத் தூண்டினார்கள். முன்கணைக்கால் தசையில் முன்பைவிட வலுவான எதிரொலி வந்தது. மூளையிலிருந்து காலுக்கு வரும் பாதையில் எஞ்சியிருந்த இழைகள் பலம் பெற்றிருந்தன.

எப்படி? மெயின் லைன் முழுவதும் அறுவது அபூர்வம். பெரும்பாலும் சில இழைகள் தப்பிப் பிழைத்திருக்கும். நோயாளி 'தூக்கு' என்று நினைக்கும் அதே நொடியில் பாதம் உண்மையிலேயே எழும்பினால், எழும்பிய செய்தி காலிலிருந்து மூளைக்குத் திரும்பும். உத்தரவும் விளைவும் திரும்பத் திரும்ப ஒன்றாக நிகழும்போது அந்தப் பாதையின் இணைப்புகள் இறுகுகின்றன. நோயாளி டிவி பார்த்துக்கொண்டே கரண்டு வைத்துக்கொண்டால் தசை துடிக்கும். ஆனால் மூளை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாது.

நம் நாட்டிலும் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மஞ்சுநாத மகாதேவப்பா, சுகாந்த சாபுத் ஆகியோரும், கொல்கத்தாவில் மத்திய அரசின் எலும்பியல் ஊனமுற்றோர் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் 2010ஐ ஒட்டி வெளிவந்தன. ஒரு பிரிவுக்கு வழக்கமான பிசியோதெரபி மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு மின்தூண்டலும். வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, நடை வேகத்தையும், நடக்கும்போது இதயம் எவ்வளவு கூடுதலாகத் துடிக்கிறது என்பதையும், முன்கணைக்கால் தசையின் மின்சைகைகளையும் அளந்தார்கள். தூண்டலும் சேர்ந்து பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். அதே தூரத்தைக் குறைந்த தெம்பில் கடந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் அடிப்படை பிசியோதெரபி என்பதை மறந்துவிடக்கூடாது. கரண்டு அதன் மேல் வைத்த கூடுதல்.

பிளாஸ்டிக் பட்டையும் செருப்பும்

தொங்குபாதத்துக்குப் பழைய, எளிய தீர்வு ஒன்று உண்டு. கெண்டைக்காலிலிருந்து பாதத்தின் அடிவரை வரும் பிளாஸ்டிக் பட்டை. பாதத்தைத் தொங்கவிடாமல் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். விலை கருவியைவிட மிகக் குறைவு. அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2013இல் வந்த ஆய்வில் 197 பேர். 2014இல் வந்த ஆய்வில் 495 பேர். இரண்டிலும் நடை வேகத்தில் பட்டையைக் கருவி மிஞ்சவில்லை. இரண்டு தரப்பும் முன்னேறின. முதல் ஆய்வில் கருவி அணிந்தவர்களுக்குத் திருப்தி அதிகம். ஆகவே 'கரண்டு மெஷின் வாங்க வசதியில்லையே' என்று மனம் நோகும் குடும்பத்திடம் நான் தயங்காமல் சொல்வேன்: நல்ல அளவில் செய்த பட்டை போட்டு நடப்பது இரண்டாந்தர வைத்தியம் அல்ல.

ஆனால் அந்த ஆய்வுகள் ஷூ போட்டு நடக்கும் ஊரில் நடந்தவை. நம் ஊரில் பட்டையைச் செருப்புக்குள் நுழைக்க முடியாது. குத்தவைத்து உட்கார முடியாது, கணுக்கால் மடங்காது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்கால். வயலில் இறங்கினால் பட்டைக்குள் சேறு புகும். குதிகால் சுவிட்ச் வைத்த கருவிக்கும் இதே சிக்கல்தான்; ரப்பர் செருப்பில் சுவிட்ச் நிற்காது. முழங்காலுக்குக் கீழே கட்டும் உறையிலேயே சாய்வை அறியும் உணரி வைத்த கருவிகள் இதற்கு ஏற்றவை. கணைக்கால் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே காலை எடுத்து வைக்கும் நேரத்தைக் கணிக்கும். வெறுங்காலோடும் நடக்கலாம். கரிசல் வெயிலில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து ஒட்டுப்பட்டையின் பிசின் சீக்கிரம் போய்விடுவது அதன் தொல்லை. நம் ஊருக்கு ஏற்ற கருவியை வடிவமைக்க விரும்பும் பொறியியல் மாணவர் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒரு வாரம் மே மாதத்தில் எட்டயபுரத்தில் நடந்து பார்க்கட்டும்.

கோவில்பட்டியில் என்ன செய்யலாம்

பெரும்பாலான பிசியோதெரபி அறைகளில் சாதாரணத் தசைத் தூண்டல் பெட்டி இருக்கும். நடையோடு சேர்ந்து இயங்கும் சுவிட்ச் அதில் இருக்காது. அதனால்தான் நோயாளி கட்டிலில் படுத்தபடி கரண்டு வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அதிலும் பயன் உண்டு, தசை மெலிவதைக் கொஞ்சம் தடுக்கும். நடை அதனால் மட்டும் திரும்பிவிடாது.

அதைவிடப் பெரிய தடை தூரம். பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். ஒரு பக்கம் விளங்காதவரை வாரம் பல முறை பஸ்ஸில் ஏற்றி இறக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வரும் ஏற்பாடு இருக்கிறது. பக்கவாதத்தைப் பொறுத்தவரை அந்தத் திட்டத்தின் மிக மதிப்புள்ள பகுதி அதுதான் என்பது என் எண்ணம். பெரும்பாலான மீட்சி நடப்பது முதல் சில மாதங்களில். அந்த மாதங்களில் வீட்டு வாசலிலேயே எத்தனை எட்டு நடந்தார் என்பதுதான் கணக்கு.

கையால் அழுத்தும் பொத்தான் உள்ள, பாட்டரியில் ஓடும் சிறிய தூண்டல் பெட்டி கிடைத்தால் குதிகால் சுவிட்ச் இல்லாமலே தொடங்கலாம். நோயாளி ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பிசியோதெரபிஸ்ட் ஓர் அடி பின்னால், கண்ணை அவருடைய பாதித்த காலின் குதிகாலில் வைத்தபடி வருவார். குதிகால் எழும்பும் கணத்தில் பொத்தானை அழுத்துவார்.

"ஐயா, நான் அமுக்கும்போது நீங்களும் மனசுல தூக்கணும். சும்மா விட்றாதீங்க."

"தூக்கத்தானம்மா பாக்கேன்."

சில வாரத்தில் வீட்டிலுள்ளவர் ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்வார். ஒவ்வொரு முறை வரும்போதும் பிசியோதெரபிஸ்ட், கரண்டு இல்லாமல் பத்து எட்டு நடக்கச் சொல்லிப் பாதம் எவ்வளவு எழும்புகிறது என்று நோட்டில் குறிப்பார். எழும்பும் உயரம் கூடிக்கொண்டே வந்தால் கரண்டின் அளவைக் குறைப்பார். பல வாரமாகியும் கூடவில்லையென்றால் பிளாஸ்டிக் பட்டைக்கு அளவெடுக்க அனுப்புவார்.